குதிரை ஓடட்டும்... நீங்க நில்லுங்க!

ஹாஸ்டல் கிரவுண்டுல நெட் கட்டி ஷட்டில் ஆடாத ஆள் நம்மள்ல யார் இருக்காங்க? அந்த ஆட்டத்துக்கு 'பேட்மிண்டன்'னு பேர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சிருக்கீங்களா? அது ஒரு வீட்டோட பேர்! வீடுன்னா டபுள் பெட்ரூம் ஃப்ளாட் இல்லை பாஸ். இங்கிலாந்துல க்ளாஸ்டர்ஷயர்ங்கற பகுதியில இருக்கற ஒரு பிரம்மாண்ட மாளிகை. போஃபோர்ட் பிரபுக்களோட பரம்பரைச் சொத்து. 19-ம் நூற்றாண்டுல நம்ம புனேவுல பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிங்க ஆடிக்கிட்டிருந்த ஆட்டத்துக்கு, இந்த வீட்டுப் பேர்தான் கடைசியில நிலைச்சுப் போச்சு.

இப்ப மேட்டர் ஷட்டில் இல்லை. அதே பேட்மிண்டன் மாளிகையோட தோட்டத்துல வழக்கமா மே மாசம் ஒரு திருவிழா நடக்குது. 'பேட்மிண்டன் ஹார்ஸ் ட்ரையல்ஸ்'. குதிரையேற்றத்துல உலகத்துலயே கஷ்டமான போட்டிகள்ல ஒண்ணு. மாஸ்டர்ஸுக்காக பிரிஸ்டல், பாத், கார்டிஃப், லண்டன்னு வருஷா வருஷம் நம்ம பசங்க ஃப்ளைட் ஏறுறாங்க. உங்க சீனியர் ஒருத்தர் இப்ப அங்கே இருக்கலாம். அடுத்த வருஷம் நீங்களே இருக்கலாம். வீக் எண்ட்ல லண்டன் பிரிட்ஜ் முன்னாடி போட்டோ எடுத்து அலுத்துப் போனவங்களுக்கு, ஒரே ஒரு நாள் வித்தியாசமா கழிக்க இது செம சான்ஸ். எப்படிப் போறது, எங்கே நிக்கிறது, எதைப் பார்க்கிறது... வாங்க, பிளான் போடலாம்!

ரேஸ் இல்லீங்க... இது வேற!

குதிரைன்னதும் ரேஸ்தான் ஞாபகம் வரும். இங்கே குதிரைங்க ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு ஓடாது. தனித்தனியாத்தான் வரும். இந்த விளையாட்டுக்குப் பேர் ஈவென்டிங். அதே ரைடர், அதே குதிரை, மூணு பரீட்சை.

முதல் பரீட்சை, டிரஸ்ஸாஜ். 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள ஒரு கட்டத்துக்குள்ள குதிரை நடக்கணும், திரும்பணும், பக்கவாட்டில் நகரணும். எல்லாம் சொன்ன இடத்துல, சொன்ன மாதிரி. கிட்டத்தட்ட பரதநாட்டியம்! ரைடர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது.

ரெண்டாவது, கிராஸ் கன்ட்ரி. புல்வெளி, மரக்கூட்டம், குளம், பள்ளம்னு ஆறேழு கிலோமீட்டர் ஓட்டம். வழியில மரக்கட்டை, வேலி, தண்ணின்னு வரிசையா தடைகள். பெரும்பாலானது அசையாத தடை. இடிச்சா தடை விழாது, நாமதான் விழணும்!

மூணாவது, ஷோ ஜம்பிங். மைதானத்துக்குள்ள கலர் கலரான கம்பங்களைத் தட்டாம தாண்டணும். லேசா கால் பட்டாலே கம்பம் உருண்டுடும்.

யோசிச்சுப் பாருங்க. முதல் பரீட்சைக்கு அமைதியான குதிரை வேணும். ரெண்டாவதுக்கு சிங்கம் மாதிரி குதிரை வேணும். முந்தின நாள் அந்த ஓட்டம் ஓடிட்டு வந்த அதே குதிரை, மறுநாள் பூனை மாதிரி கம்பத்தைத் தாண்டணும். நம்ம காலேஜ் பாஷையில சொன்னா, மேத்ஸ் பேப்பர், மாரத்தான், மியூசிக் எக்ஸாம் மூணையும் ஒரே ஆள் எழுதற மாதிரி!

1948-ல் லண்டன்ல ஒலிம்பிக்ஸ் நடந்துச்சு. அதைப் பார்த்த அப்போதைய போஃபோர்ட் பிரபு, அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு நம்ம ரைடர்களைத் தயார் பண்ணணும்னு தன் தோட்டத்தையே கொடுத்தார். 1949-ல் முதல் போட்டி. 'கோல்டன் வில்லோ'ங்கற குதிரையில ஜான் ஷெடன் ஜெயிச்சார். பயிற்சிக்குன்னு ஆரம்பிச்சது, இப்ப உலகமே வந்து ஜெயிக்கத் துடிக்கற மேடை ஆயிடுச்சு.

மார்க் கம்மியா எடுத்தா பாஸ்!

இந்தக் கணக்கு தெரியாம போனா, கூட்டம் எதுக்கு 'ஆ'ன்னு கத்துதுன்னே புரியாது. ரொம்ப சிம்பிள். இங்கே எல்லாமே அபராதப் புள்ளி. குறைச்சலா வாங்கினவர்தான் வின்னர்.

டிரஸ்ஸாஜ்ல நூத்துக்கு 72 சதவீதம் எடுத்தா, மீதி 28 உங்க அபராதம். அதோட கிராஸ் கன்ட்ரிக்குப் போறீங்க. அங்கே குதிரை ஒரு தடையில 'மாட்டேன்'னு நின்னுட்டா 20 புள்ளி. அதே தடையில ரெண்டாவது தடவையும் மறுத்தா 40. மொத்த ஓட்டத்துல மூணாவது மறுப்புன்னா ஆட்டம் க்ளோஸ். ரைடர் கீழே விழுந்தாலும் க்ளோஸ். நிமிஷத்துக்கு 570 மீட்டர் வேகத்தை வெச்சு ஒரு டைம் குறிச்சிருப்பாங்க. பதினொண்ணு, பன்னிரண்டு நிமிஷம் வரும். அதைத் தாண்டற ஒவ்வொரு விநாடிக்கும் 0.4 புள்ளி. ஷோ ஜம்பிங்ல விழற ஒவ்வொரு கம்பத்துக்கும் 4 புள்ளி.

இப்ப ஒரு குட்டிக் கணக்கு. கிராஸ் கன்ட்ரியில 10 விநாடி லேட் ஆனா 4 புள்ளி. அதாவது, மறுநாள் ஒரு கம்பத்தைத் தட்டிவிட்டதுக்குச் சமம். இந்த ஒரு வரியை மனசுல வெச்சுக்கங்க. சனிக்கிழமை பூரா இதுதான் உங்களுக்குக் கண்ணாடி.

எந்த நாள் போகலாம்?

வழக்கமான அட்டவணை இதுதான். புதன்கிழமை, குதிரைகளுக்கு முதல் மெடிக்கல் செக்கப். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் டிரஸ்ஸாஜ். சனிக்கிழமை கிராஸ் கன்ட்ரி. ஞாயிறு காலையில மறுபடி செக்கப், அப்புறம் ஷோ ஜம்பிங், பரிசளிப்பு.

ஒரே நாளுக்குத்தான் பர்ஸ் இடம் கொடுக்கும்னா, கண்ணை மூடிக்கிட்டு சனிக்கிழமை. டிக்கெட் விலை அன்னிக்குத்தான் ஜாஸ்தி, கூட்டமும் ஜாஸ்தி. ஆனா இந்த விளையாட்டோட உயிர் அங்கேதான் இருக்கு. முன்கூட்டியே ஆன்லைன்ல புக் பண்ணிடுங்க. கடைசி நிமிஷத்துல தேடினா டிக்கெட் குதிரைக்கொம்பு ஆகிடலாம்!

கூட்டம் அலர்ஜியா? வெள்ளிக்கிழமை போங்க. காலையில டிரஸ்ஸாஜ், சாயங்காலம் நிதானமா கிராஸ் கன்ட்ரி பாதையில ஒரு நடை. மறுநாள் கிராஸ் கன்ட்ரியை ரூம்ல உட்கார்ந்து லைவ்ல பார்க்கும்போது, ஒவ்வொரு தடையும் நீங்க நேர்ல தொட்டுப் பார்த்த மாதிரி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தேதியை செக் பண்ணாம ரயில் டிக்கெட் போடாதீங்க. 2023-ல் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழா சனிக்கிழமை வந்ததால, கிராஸ் கன்ட்ரியே ஞாயித்துக்கிழமைக்கு மாறுச்சு. 2012-ல் மழைத்தண்ணி தேங்கி மொத்தப் போட்டியும் ரத்து. 2001-ல் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் வந்ததால ரத்து. 2020, 2021 ரெண்டு வருஷமும் கொரோனா. அதனால கேன்சல் ஆனா பணம் திரும்பி வருமான்னு டிக்கெட் விதிமுறையை ஒரு தடவை படிச்சுடுங்க. மே மாசம் அங்கே எக்ஸாம் சீசன்ங்கறதும் ஞாபகம் இருக்கட்டும்!

ரயில், கார், கம்பூட்டு!

பேட்மிண்டன்ங்கற பேர்லயே ஒரு ரயில்வே ஸ்டேஷன் இருந்துச்சு. 1968-ல் மூடிட்டாங்க. இப்ப ரயில் அந்த ஊரை நிக்காம தாண்டிப் போகுது. லண்டன் பேடிங்டன்ல ஏறினா சிப்பன்ஹாம் அல்லது பிரிஸ்டல் பார்க்வேயில இறங்கணும். அங்கேர்ந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர். டாக்ஸியை முன்னாடியே பேசி வெச்சுடுங்க, திரும்பி வர்றதுக்கும் சேர்த்து. நாலைஞ்சு பேர் சேர்ந்து வாடகைக்குக் கார் எடுத்தா தலைக்குச் செலவு குறையும். ஆனா சனிக்கிழமை காலையில கிராமத்து ரோடு பூரா கார் ஊர்ந்து போகும். காலை எட்டரைக்குள்ள உள்ளே இருக்கற மாதிரி கிளம்புங்க.

டிரஸ் விஷயத்துல ஸ்டைல் பார்க்காதீங்க. இங்கிலாந்து மே மாசம் நம்ம மே மாசம் இல்லை. ஒரே நாள்ல வெயில், காத்து, மழை மூணும் வரும். ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக் கழட்டற மாதிரி ரெண்டு மூணு லேயர், மழைக்கோட்டு, காலுக்கு கம்பூட்ஸ். மழை பெஞ்சா புல்வெளி சேறாயிடும். வெள்ளை ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கிட்டுப் போனா, சாயங்காலம் அதுக்கு அஞ்சலி செலுத்த வேண்டியதுதான்.

உள்ளே சாப்பாட்டுக் கடை எக்கச்சக்கம். விலையும் எக்கச்சக்கம். அங்கே கார் டிக்கியைத் திறந்து வெச்சுக்கிட்டு பிக்னிக் சாப்பிடறது ஒரு பாரம்பரியமே. வெள்ளைக்காரங்க சாண்ட்விச்சை எடுக்கும்போது, நீங்க புளியோதரை டப்பாவைத் திறங்க. யார் கேக்கப் போறாங்க? தண்ணி பாட்டில், பவர் பேங்க் கட்டாயம். கூட்டத்துல போன் சிக்னல் தகராறு பண்ணும். அதனால உள்ளே நுழைஞ்சதுமே 'தொலைஞ்சா இங்கே, நாலு மணிக்கு'ன்னு ஒரு இடத்தை முடிவு பண்ணிடுங்க.

நூத்துக்கணக்குல கடைகளும் உண்டு. தொப்பி, தோல் பை, குதிரைச் சேணம்னு பளபளன்னு கூப்பிடும். அங்கே காலையில நுழைஞ்சீங்க, அவ்ளோதான்... அன்னிக்குப் பார்த்த ஒரே குதிரை டி-ஷர்ட்ல பிரின்ட் பண்ணினதாத்தான் இருக்கும். ஷாப்பிங்கைக் கடைசிக்குத் தள்ளுங்க.

நடங்க... அப்புறம் நில்லுங்க

இப்ப மெயின் மேட்டருக்கு வருவோம். முதல் தடவை வர்றவங்க என்ன பண்றாங்க தெரியுமா? குதிரை வருதுன்னா அந்தப் பக்கம் ஓடறது, அடுத்த தடைக்கு ஓடறது, எல்லாத்தையும் பார்த்துடணும்னு நாள் முழுக்க ஓடறது. சாயங்காலம் மிச்சம் இருக்கறது கால்வலியும், மங்கலா நாலு குதிரை வாலும்தான். குதிரை நிமிஷத்துக்கு 570 மீட்டர் போகும் பாஸ். நாம ஓடிப் பிடிக்க முடியாது. அது ஓடட்டும். நீங்க நில்லுங்க.

காலையில முதல் குதிரை கிளம்பறதுக்கு முன்னாடி, பாதையோரமா மொத்த கோர்ஸையும் நடந்து பார்த்துடுங்க. ரெண்டு மணி நேரம் ஆகும். தடைங்க பக்கத்துல போய் நின்னு பாருங்க. டி.வி-யில குட்டியா தெரியற மரக்கட்டை, நேர்ல உங்க இடுப்புக்கு மேல இருக்கும். அசையாத தடை 1.20 மீட்டர் வரைக்கும் இருக்கலாம். மேல புதர் வெச்ச தடைன்னா 1.45 மீட்டர்.

ஒவ்வொரு தடையிலயும் ரெண்டு கொடி இருக்கும். குதிரைக்கு வலது பக்கம் சிவப்பு, இடது பக்கம் வெள்ளை. ரெண்டுக்கும் நடுவுலதான் தாண்டணும். சில இடத்துல ஒரே நம்பர்ல ரெண்டு வழி இருக்கும். ஒண்ணு நேர் வழி, குறுகலானது, கஷ்டமானது. இன்னொண்ணு சுத்து வழி, கொஞ்சம் சுலபம், ஆனா நேரம் போகும். இந்த ரெட்டை வழித் தடைகளைக் குறிச்சு வெச்சுக்கங்க. கதையே அங்கேதான்!

மூணே மூணு இடம் தேர்ந்தெடுங்க.

ஒண்ணு, லேக். மாளிகைக்கு முன்னாடி இருக்கற குளம். பேட்மிண்டன்ல கூட்டம் அலைமோதற இடம். குதிரை தண்ணிக்குள்ள பாய்ஞ்சு, தண்ணியைச் சிதறடிச்சு, ஏறி வர்ற காட்சிக்காகவே ஜனங்க காத்திருப்பாங்க. முன்வரிசை கிடைக்கலைன்னா கவலைப்படாதீங்க. கொஞ்சம் மேடான இடத்துல தள்ளி நின்னா முழு வரிசையும் தெரியும்.

ரெண்டு, விக்கரேஜ் வீ மாதிரி யோசிக்க வைக்கிற ஒரு தடை. அகலமான பள்ளம், அதுக்கு மேல கோணலா ஒரு கட்டை. நேரா வந்தா அகலம் அதிகம். கோணலா வந்தா குதிரை வழுக்கிக்கிட்டு பக்கவாட்டுல ஓடிடலாம். பல வருஷமா ரைடர்களோட தூக்கத்தைக் கெடுக்கற தடை இது.

மூணு, கடைசி அஞ்சாறு தடைகள்ல ஒண்ணு. களைச்சுப் போன குதிரை எப்படித் தாண்டுது, அந்தக் களைப்பை ரைடர் எப்படிச் சமாளிக்கிறார்னு அங்கேதான் தெரியும். பாதை போற திசையை அடிக்கடி மாத்துவாங்க. போன வருஷம் ஆரம்பத்துல இருந்த இடம், இந்த வருஷம் கடைசியில வரலாம். அதனால யூ ட்யூப்ல பழைய வீடியோவைப் பார்த்துட்டு இடம் பிடிக்காதீங்க.

ஒவ்வொரு இடத்துலயும் குறைஞ்சது ஒரு மணி நேரம் நில்லுங்க. ஏறக்குறைய நாலு நிமிஷத்துக்கு ஒரு குதிரை வரும். கையில ஒரு சின்ன நோட்டு. குதிரை நம்பர், நேர் வழியா சுத்து வழியா, எப்படித் தாண்டுச்சு... மூணே விஷயம் எழுதுங்க.

முதல் குதிரை வரும்போது உங்களுக்கு ஒண்ணும் புரியாது. 'அட, தாண்டிடுச்சு'ன்னு மட்டும் தோணும். அஞ்சாவது குதிரை வரும்போது, 'இவர் கொஞ்சம் வேகமா வர்றாரே'ன்னு தோணும். பத்தாவது குதிரை வரும்போது, தடைக்கு அஞ்சாறு எட்டு முன்னாடியே 'இது நிக்கப் போகுது'ன்னு உங்க வாயே சொல்லும். சொன்ன மாதிரியே நிக்கும்! அந்த நிமிஷத்துல நீங்க வேடிக்கை பார்க்கற ஆள் இல்லை, ரசிகர் ஆயிட்டீங்க.

ஏன்னா, இங்கே பார்க்க வேண்டியது பாய்ச்சலை இல்லை, முடிவை. ரைடர் அந்தப் பாதையை மூணு நாலு தடவை நடந்து பார்த்திருப்பார். ஆனா குதிரைக்கு அந்தத் தடை அன்னிக்குத்தான் அறிமுகம். 'தண்ணி எவ்ளோ ஆழம், தாண்டினா அந்தப் பக்கம் என்ன இருக்கு'ன்னு அதுக்குத் தெரியாது. மேல உட்கார்ந்திருக்கற ஆளை நம்பித்தான் காலைத் தூக்குது. அரை டன் எடையுள்ள ஒரு உயிர், ஒரு மனுஷரை நம்பற அந்த ஒரு விநாடி... அதைப் பத்து தடவை பக்கத்துல நின்னு பாருங்க.

நியூசிலாந்துக்காரர் மார்க் டாட், 1995-ல் 'பெர்ட்டி ப்ளன்ட்'டோட கிராஸ் கன்ட்ரி போய்க்கிட்டிருக்கும்போது, ஒரு பக்க அங்கவடியோட வார் அறுந்து போச்சு. கால் வைக்கிற பிடியே இல்லை! மீதிப் பாதையை ஒத்தைக் காலை மட்டும் ஊன்றிக்கிட்டு முடிச்சார். அடுத்த வருஷம், 1996-ல் அதே குதிரையில வந்து ஜெயிச்சார். 2011-ல் தன்னோட 55-வது வயசுல மறுபடி ஜெயிச்சார்.

விசில் அடிச்சா நில்லு!

கிரிக்கெட் ஸ்டேடியம் மாதிரி இங்கே வேலியும் கண்ணாடியும் கிடையாது. உங்களுக்கும் உலக சாம்பியனுக்கும் நடுவுல ஒரு கயிறு மட்டும்தான். அந்தச் சுதந்திரம் நம்ம பொறுப்பையும் கேக்குது.

பாதையைக் கடக்க அங்கங்கே வழி விட்டிருப்பாங்க. குதிரை வருதுன்னா அங்கே நிக்கிற வாலண்டியர் விசில் ஊதுவார், கயிறு மூடிடும். 'ஒரு செகண்டுதானே'ன்னு குறுக்கே ஓடற வேலை வேண்டவே வேண்டாம். குதிரையால சட்டுனு பிரேக் போட முடியாது. குறுக்கே ஓடினா உங்களுக்கு மட்டுமில்லை, குதிரைக்கும் ரைடருக்கும் சேர்த்துத்தான் ஆபத்து. குதிரை கிட்டே வரும்போது படக்குனு குடை விரிக்கறது, செல்ஃபி ஸ்டிக்கை கயிறுக்குள்ள நீட்டறது, ஃப்ளாஷ் அடிக்கறது... மூணுக்கும் தடா. அங்கே நாயைக் கூட கூட்டிட்டு வரலாம், ஆனா கயித்துல கட்டித்தான். நாய்க்கே கட்டுப்பாடு இருக்கும்போது நமக்கு இருக்காதா?

கை தூக்கினா... கை தட்டுங்க

இந்த விளையாட்டோட இன்னொரு பக்கத்தையும் சொல்லித்தான் ஆகணும். 1999-ங்கற ஒரே வருஷத்துல, பிரிட்டன்ல மட்டும் அஞ்சு ரைடர்கள் ஈவென்டிங்ல உயிரை விட்டாங்க. குதிரைகளும் இறந்திருக்கு. இது மிகப் பெரிய அதிர்ச்சி. அதுக்கப்புறம் விசாரணை நடந்துச்சு. விதிமுறைகள் மாறுச்சு. தடையில குதிரை பலமா மோதினா, பூட்டு விட்டுக்கொடுத்துக் கட்டை இறங்கற மாதிரி டிசைன் வந்துச்சு. அந்தப் பூட்டு விலகினா ரைடருக்கு 11 புள்ளி அபராதம். விழுந்தா உடனே காத்து நிரம்பற ஜாக்கெட் வந்துச்சு. ஆனாலும் ஆபத்து முழுசா போயிடலை. 'குதிரையைக் கேட்டா பண்றாங்க?'ன்னு கேக்கறவங்க அங்கேயும் இருக்காங்க. கேக்க வேண்டிய கேள்விதான்.

நீங்க நிக்கற இடத்துல இது நடக்கலாம். நல்லா வந்துக்கிட்டிருக்கற ஒரு ரைடர் திடீர்னு வேகத்தைக் குறைப்பார். ஒரு கையை மேல தூக்குவார். குதிரை கழுத்தைத் தட்டிக் கொடுத்துட்டு, மெதுவா நடத்திக் கூட்டிக்கிட்டுப் போயிடுவார். 'ரிட்டயர்' ஆகிட்டார்னு அர்த்தம். காயமே இருக்காது. குதிரைக்குக் களைப்பு, இன்னிக்கு அதுக்கு நாள் சரியில்லை, அவ்ளோதான். வருஷக்கணக்கான உழைப்பு, ஸ்பான்சர், ரேங்க்... எல்லாத்தையும் அந்த ஒரு கைத்தூக்கல்ல விட்டுட்டுப் போறார். தடையைத் தாண்டினவருக்கு எல்லாரும் கை தட்டுவாங்க. அவருக்கு நீங்க தட்டுங்க, கொஞ்சம் பலமாவே. போதும்னு நிறுத்தறவருக்குக் கூட்டம் மரியாதை கொடுத்தாத்தான், அடுத்த ரைடருக்கும் நிறுத்தற தைரியம் வரும்.

ஞாயித்துக்கிழமையும் போறீங்கன்னா காலையில நடக்கற செக்கப்பைத் தவற விடாதீங்க. மாளிகைக்கு முன்னாடி, டிப்டாப்பா டிரஸ் பண்ணின ரைடர், குதிரையைக் கயிறு பிடிச்சு ஓட்டிக் காட்டுவார். நடுவர்களும் கால்நடை டாக்டரும் பார்ப்பாங்க. லேசா நொண்டினாலும் அந்தக் குதிரைக்கு ஷோ ஜம்பிங் கிடையாது. முதலிடத்துல இருந்தாலும் சரிதான்!

நம்மாளும் உண்டு

'இதெல்லாம் பணக்கார வெள்ளைக்காரங்க ஆட்டம்'னு நினைக்கறீங்களா? பணம் அதிகம் கேக்கற விளையாட்டுங்கறது உண்மைதான். ஆனா 1982 டில்லி ஆசிய விளையாட்டுல ரகுபீர் சிங் இதே ஈவென்டிங்ல தங்கம் ஜெயிச்சவர். 2018 ஜகார்த்தாவுல பெங்களூர் பையன் ஃபவாத் மிர்சா தனிநபர் வெள்ளி வாங்கினார். நம்ம டீமுக்கும் வெள்ளி. அதே ஃபவாத், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்ல, ஃபைனல் வரைக்கும் போய் 23-வது இடம் பிடிச்சார். இருபது வருஷத்துக்கு அப்புறம் ஒலிம்பிக்ஸ் குதிரையேற்றத்துல கலந்துக்கிட்ட இந்தியர்!

கேர்ள்ஸ்... இதைக் கவனிங்க. இந்த விளையாட்டுல ஆண்கள் பிரிவு, பெண்கள் பிரிவுன்னு கிடையாது. ஒரே போட்டி, ஒரே தடை, ஒரே பரிசு. ஷீலா வில்காக்ஸ்ங்கற பெண்மணி 1957, 58, 59-னு வரிசையா மூணு வருஷம் பேட்மிண்டன் சாம்பியன். ஆனா ஒலிம்பிக்ஸ் ஈவென்டிங்ல அப்ப பெண்களுக்கு அனுமதியே இல்லை. 1964-லதான் கதவு திறந்துச்சு. லூசிண்டா கிரீன், 1973-லேர்ந்து 1984-க்குள்ள ஆறு தடவை ஜெயிச்சார். ஆறும் வேற வேற குதிரை! 2022-ல் லாரா காலெட், 2023-லும் 2025-லும் ராஸ் கான்டர், 2024-ல் கரோலின் பவல்... நாலு வருஷமும் வின்னர் பெண்கள்தான்.

பர்ஸ் காலியா? அப்பவும் வழி இருக்கு!

பேட்மிண்டன் டிக்கெட் கட்டுப்படியாகலையா? இங்கிலாந்து பூரா சின்னச் சின்ன ஒருநாள் ஈவென்டிங் போட்டிகள் நடக்குது. செலவு ரொம்பக் கம்மி. அங்கே ஒவ்வொரு தடைக்கும் பக்கத்துல உட்கார்ந்து, குதிரை தாண்டுச்சா, நின்னுச்சான்னு குறிக்கறவங்க பெரும்பாலும் வாலண்டியர்கள். நீங்களும் பேர் கொடுக்கலாம். சொல்லிக் கொடுப்பாங்க. ஸ்டூடண்ட் விசாவுல இருக்கறவங்க, இதுக்கு விதி இடம் கொடுக்குதான்னு யுனிவர்சிட்டியில ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. கோர்ஸுக்குள்ளயே உட்கார்ந்து பார்க்கற சீட், அதுவும் ஃப்ரீயா... வேறென்ன வேணும்?

பர்ஸ்ல மடிச்சு வெச்சுக்க ஒரு லிஸ்ட்:

* தேதி செக், ஆன்லைன் டிக்கெட், திரும்பி வர வண்டி... மூணும் முன்கூட்டியே.
* மழைக்கோட்டு, கம்பூட்ஸ், பவர் பேங்க், தண்ணி, சாப்பாடு.
* 8.30-க்கு உள்ளே. 9 மணிக்கு கோர்ஸ் நடை. முதல் குதிரை கிளம்பற நேரத்தை ப்ரோக்ராம் புக்ல பார்த்துக்கங்க.
* மூணு இடம், ஒவ்வொண்ணுலயும் ஒரு மணி நேரம். நோட்டு, பேனா.
* ஃப்ரெண்ட்ஸோட பந்தயமா? ஆளுக்கு ஒரு குதிரை. அபராதப் புள்ளி அதிகம் வாங்கற குதிரைக்காரர் டீ வாங்கித் தரணும்!
* கடைத்தெரு... கடைசியில!

சாயங்காலம் கடைசிக் குதிரை தாண்டினதும், நோட்டைப் புரட்டிப் பாருங்க. முப்பது நாப்பது குதிரை, முப்பது நாப்பது முடிவு. சில பேர் நேர் வழியில துணிஞ்சு ஜெயிச்சாங்க. சில பேர் சுத்து வழியில போய்ப் பத்திரமா வந்தாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் கையைத் தூக்கினாங்க. இதுல யார் பண்ணினது சரின்னு திரும்பி வர்ற ரயில் பூரா நீங்க சண்டை போடப் போறீங்க.

போடுங்க. டிக்கெட் காசுக்கு அந்தச் சண்டைதான் ரிசல்ட்!